முன் பிரேக்கைத் தொடாதே என்பது சரிதானா?

சைக்கிள் ஓட்டக் கற்கும் பெண்பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை, "முன் பிரேக்கை மட்டும் தொட்டுவிடாதே, குப்புற விழுந்துவிடுவாய்" என்பதுதான். அப்பா சொல்வார், அண்ணன் சொல்வான், சைக்கிளில் ஒரு நாளும் ஏறியிராத சித்தியும் சொல்வார். சில வீடுகளில் இதற்கும் ஒரு படி மேலே போய், கடைக்காரரிடம் சொல்லி முன் பிரேக்கைக் கழற்றியே விடுகிறார்கள். பிள்ளையின் மேலுள்ள அக்கறையால்தான் இதைச் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த அறிவுரை தவறானது என்பதே என் கருத்து. நம் மாணவியர் நாள்தோறும் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே சைக்கிள் ஓட்டி வருகிறார்கள் என்பதை எண்ணும்போது, இது ஆபத்தான அறிவுரை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆண்டு மலரில் கவிதை, சுற்றுலா அனுபவம், விளையாட்டு விழா அறிக்கை என்று படித்து வரும் கண்களுக்குச் சைக்கிள் பிரேக்கைப் பற்றிய கட்டுரை விந்தையாகத் தோன்றலாம். ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு நம் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி வரை வரிசையாகச் சைக்கிளில் வருகிறார்கள். வாசலை நெருங்கியதும் அவர்களில் எத்தனை பேர் பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்துகிறார்கள்? பலர் சீட்டிலிருந்து பாதி இறங்கிக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறார்கள். செருப்பின் அடி தேய்ந்துபோகிறதே என்று தாய்மார் குறைப்படுகிறார்களே ஒழிய, அது ஏன் தேய்கிறது என்று கேட்பதில்லை. பின் பிரேக் வேலை செய்யவில்லை. முன் பிரேக்கைப் பிடிக்கவோ அவளுக்கு அனுமதி இல்லை. மீதம் இருப்பது செருப்புதானே!

பிரேக் பிடித்தால் சைக்கிள் ஏன் நிற்கிறது? ஓடும் சைக்கிளுக்கும் அதன்மேல் அமர்ந்திருப்பவளுக்கும் இயக்க ஆற்றல் உண்டு. பிரேக் கட்டை சக்கரத்தின் ரிம்மில் உரசி அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரேக் தடுப்பது சக்கரத்தின் சுழற்சியைத்தான். வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு. அந்த உராய்வு எவ்வளவு கிடைக்கும் என்பது, அந்தச் சக்கரம் எவ்வளவு பாரத்தோடு தரையில் அழுந்துகிறது என்பதைப் பொறுத்தது. இயற்பியல் வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அதே பாடந்தான்.

நகரப் பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்தவர்களுக்கு அடுத்த செய்தியை விளக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டதும் நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சாய்கிறோம். சைக்கிளிலும் இதுவே நடக்கிறது. வேகம் குறையக் குறையப் பாரம் முன் சக்கரத்தின் பக்கம் போகிறது. முன் சக்கரம் தரையை இறுகப் பற்றுகிறது; பின் சக்கரம் இலேசாகிவிடுகிறது. இலேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் என்ன பயன்? சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. தார்ச்சாலையில் கறுப்புக் கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு சர்ரென்று வழுக்கிச் செல்லும். அந்தக் கோட்டைப் பார்த்து, "என்ன அருமையான பிரேக்!" என்று மெச்சுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உண்மையில் அது வண்டி நிற்காமல் போன கதையைச் சாலையில் எழுதிக் காட்டும் கோடு.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிள், காய்ந்த தார்ச்சாலை, நல்ல நிலையிலுள்ள பிரேக், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் கிடைக்கக்கூடிய எதிர்முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழக் கால் பங்குதான். வண்டி நிற்க 6 மீட்டர் வேண்டும். முன் பிரேக்கையும் சேர்த்து முறையாகப் பிடித்தால் ஏறத்தாழ அரைப் பங்கு வரை போகலாம். 3 மீட்டரில் நின்றுவிடலாம். எதிரில் இருப்பதைக் கண்டு கை பிரேக்கை எட்டுவதற்குள் 1 விநாடி கழிந்தால் அதற்குள் 5.5 மீட்டர் கடந்திருப்போம்; அது இரண்டு கணக்கிலும் சேர்வது, யாராலும் குறைக்க முடியாதது. மிச்சமிருக்கும் அந்த 3 மீட்டர் வேறுபாடு ஒன்றரைச் சைக்கிளின் நீளம். சந்திலிருந்து திடீரென்று வெளியே வரும் ஆட்டோவிற்கும் நம் முன் சக்கரத்திற்கும் இடையே அந்த நீளம் இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படியானால் குப்புற விழும் அச்சம் எங்கிருந்து வந்தது? 1870களில் இங்கிலாந்தில் ஓடிய பென்னி ஃபார்த்திங் என்னும் உயர்சக்கர சைக்கிளின் படத்தை மாணவியர் பார்த்திருப்பீர்கள். முன் சக்கரம் மார்பளவு உயரம், பின் சக்கரமோ சிறிய தட்டு. ஓட்டுபவர் ஏறத்தாழ முன் அச்சுக்கு நேர் மேலே அமர்ந்திருப்பார். அந்த வண்டியில் முன் சக்கரத்தைச் சட்டென்று தடுத்தால் தலைகீழாக விழுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. அந்த வண்டிக்கு அந்த அச்சம் நியாயமானது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவு. செயின் பின் சக்கரத்தைச் சுழற்றும். ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தாழ்வாக உட்காருவார். 'பாதுகாப்பு சைக்கிள்' என்றே அந்த வகைக்குப் பெயர் வந்தது. இன்று நாம் ஓட்டுவது அதன் பேத்திதான். வண்டி மாறி நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகியும் நம் வீட்டு அறிவுரை மட்டும் மாறவில்லை!

எதிர்த்தரப்பில் சொல்லக்கூடியவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன் பிரேக்கை முரட்டுத்தனமாக, கை தளர்ந்திருக்கும்போது, ஒரே பிடியாகப் பிடித்தால் இன்றைய சைக்கிளிலும் விழலாம். வண்டி நின்றுவிடும், உடல் நிற்காது. மணல் பரவிய இடத்திலும், திருப்பத்தில் சாய்ந்து செல்லும்போதும் முன் சக்கரம் வழுக்கினால் மீள்வது கடினம். பின் சக்கரம் வழுக்கினாலோ பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். ஆகவே திருப்பத்திற்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை முன் பிரேக்கைப் பிடிக்கக் கற்றுத் தரவேண்டும் என்பதற்கான காரணங்கள். அதைத் தொடாதே என்பதற்கான காரணங்கள் அல்ல. அடுப்பு சுடும் என்பதற்காக நம் வீடுகளில் பெண்பிள்ளையை அடுப்பங்கரைக்குப் போகாதே என்று சொல்லியதாக நான் கேட்டதில்லை.

குப்புற விழுந்தவர்களின் கதையைச் சற்றுக் கிளறிப் பார்த்தால், பல சமயம் குற்றவாளி பிரேக்காகவே இருக்காது. ஹாண்டில் பாரில் தொங்கவிட்ட சாப்பாட்டுப் பை ஆடி ஆடி முன் சக்கரக் கம்பிக்குள் புகுந்திருக்கும். அல்லது மடக்கிய குடை புகுந்திருக்கும். அப்போது சக்கரம் ஒரே கணத்தில் நின்றுபோகும். எந்தப் பிரேக்காலும் அப்படி நிறுத்த முடியாது. பையைப் பின்னால் கேரியரில் வைத்துக் கட்டுங்கள்.

இனிப் பிரேக்கின் வகைகளுக்கு வருவோம். நம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் இப்போது மூன்று நான்கு வகைகளைக் காணலாம்.

மூத்தது ராடு பிரேக். தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிளில் இருப்பது இதுதான். கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து, ரிம்மின் உட்புறத்தில், அதாவது அச்சை நோக்கிய பக்கத்தில், இரண்டு கட்டைகளை அழுத்தும். இதன் நற்குணம் உழைப்பு. அறுந்துபோக ஒயர் இல்லை. சக்கரம் சற்றுக் கோட்டமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். எந்தக் கிராமத்துக் கடையிலும் சரிசெய்துவிடலாம். ஆனால் கைப்பிடியிலிருந்து கட்டை வரை எத்தனை மூட்டுகள்! ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் தேய்ந்து ஆட்டம் கண்டால், நம் கை கொடுக்கும் வலிமையில் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். கட்டையைத் தாங்கும் வளைவு தளர்ந்து கம்பிக்குள் சிக்கினால் பெரிய ஆபத்து. முன் பிரேக்கைக் கண்டு அஞ்சும் பெரியவர்களில் சிலர் அப்படியொரு விபத்தைப் பார்த்தவர்களாக இருக்கலாம்.

அடுத்தது ஒயர் பிரேக். முறுக்கிய எஃகு ஒயர் இழுக்க, இடுக்கி போன்ற இரண்டு கைகள் ரிம்மை இருபுறமும் பிடிக்கும். எடை குறைவு, இழுப்பும் நேரானது. ஆனால் சக்கரம் கோட்டமாக இருந்தால் கட்டை ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலைப் பொறுக்காமல் பிரேக்கையே தளர்த்திவிடச் சொல்கிற பிள்ளைகளை நான் அறிவேன். கோட்டம் எடுக்கச் சொல்வதுதானே முறை? இந்த ஒயர் பிரேக்கின் வலிமை மிக்க தங்கை, 1990களின் நடுவில் பரவிய வி பிரேக். இதில் இடுக்கிக் கைகள் நீளமானவை. நெம்புகோல் தத்துவப்படி, சிறு கையின் மெல்லிய அழுத்தமே ரிம்மில் பன்மடங்காகிறது. கை சிறியவளுக்கு இதைவிட உதவியானது இல்லை என்பேன்.

கோஸ்டர் பிரேக் என்று ஒன்று ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் நூறாண்டுக்கு மேலாகப் புகழ்பெற்றது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரத்தின் நடுக்கூட்டுக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். கைவலிமை வேண்டாம், உள்ளே மழை புகாது. ஆனால் செயின் கழன்றால் பிரேக்கும் போயிற்று. போதாததற்கு, அது பின் சக்கரத்தை மட்டுமே பிடிப்பதால் முன்பு சொன்ன 6 மீட்டர் கணக்கிலிருந்து தப்ப முடியாது. நீண்ட இறக்கத்தில் அதன் நிலை இன்னும் மோசம். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கோஸ்டர் பிரேக் சைக்கிள்களில் மலைச்சரிவு ஒன்றில் பந்தயம் விடத் தொடங்கினார்கள். அடிவாரத்திற்கு வருவதற்குள் நடுக்கூட்டிலிருந்த கிரீஸ் முழுவதும் சூடேறிப் புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், அந்தப் பந்தயத்திற்கே மறுபடி அடைத்தல் என்னும் பொருளில் 'ரீபேக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைய மலைச் சைக்கிள் பிறந்தது அந்தக் கூட்டத்தில்தான்.

இப்போது பிள்ளைகள் ஆசைப்படுவது டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவிலே பளபளக்கும் வட்டத் தகடு. மழையில் நன்றாக வேலை செய்யும் என்பது உண்மை. தகடு தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் சேறும் தண்ணீரும் குறைவாகப் படும். 2018 முதல் உலகச் சைக்கிள் பந்தயச் சங்கமே சாலைப் பந்தயங்களில் இதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் சைக்கிள் நிறுத்துமிடத்தை எண்ணிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கைப்பிடியும் பெடலும் பின்னிக்கொண்டு கிடக்கும் அந்த நெரிசலில், பக்கத்து வண்டியின் பெடல் இடித்து மெல்லிய தகடு வளைந்தால் நம் தெருக்கோடிக் கடைக்காரர் என்ன செய்வார்? நல்ல டிஸ்க் பிரேக் நல்லதுதான். விலை மலிந்த வண்டியில் அழகுக்காகப் பொருத்திய டிஸ்க் பிரேக், நல்ல வி பிரேக்கிற்கு ஈடாகாது. சமதரையில் மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பள்ளிக்கு வருபவளுக்கு அது தேவையுமில்லை.

என்னைக் கேட்டால், பிரேக்கின் பெயரைவிட ரிம் எதனால் ஆனது என்பதே முக்கியம் என்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிக்கு வருபவர்களுக்கு இது உயிர்நாடியான செய்தி. பழைய சைக்கிள்களின் ரிம் குரோமியம் பூசிய எஃகு. கண்ணாடிபோல் வழவழப்பானது; துருப்பிடிக்காது; பார்க்க அழகு. ஆனால் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நனைந்தபோது உராய்வு, காய்ந்த நிலையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்றாம். பிரேக்கை முழு வலிமையோடு பிடித்த பிறகும், சக்கரம் சராசரி 30 சுற்றுச் சுற்றிய பின்னரே பிடிமானம் கூடத் தொடங்கிற்று; பழைய நிலைக்கு வர மேலும் 20 சுற்று வேண்டியிருந்தது. 30 சுற்று என்றால் ஏறத்தாழ 60 மீட்டர்! நம் விளையாட்டுத் திடலின் ஒரு முனையில் பிரேக்கைப் பிடித்தால் மறுமுனைக்குப் போன பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும் என்று பொருள்.

இந்தக் குறையைப் போக்க அக்காலத்தில் தோல் பதித்த பிரேக் கட்டைகளும் விற்கப்பட்டன. அலுமினிய ரிம் வந்த பிறகே நிலைமை பெரிதும் மாறியது. அலுமினியமும் மழையில் பிடிமானத்தை ஓரளவு இழக்கத்தான் செய்யும்; ஆனால் எஃகு அளவுக்குக் கைவிடாது. எஃகு ரிம் வண்டியை வைத்திருப்பவர்கள் மழை நாளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிறுத்த வேண்டிய இடம் வருவதற்கு வெகு முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டே வாருங்கள். கட்டை ரிம்மைத் துடைத்துக் காயவைக்கும். இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சைக்கிளைத் துடைத்து, ரிம் மின்ன வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. செயினுக்கும் மூட்டுக்கும் எண்ணெய் விடலாம். ரிம்முக்கு எண்ணெய் பூசுவதும் பிரேக்கைக் கழற்றி வைப்பதும் ஒன்றே.

டபுள்ஸ் போகும் தோழியருக்கும் ஒரு வார்த்தை. பின்னால் ஒருத்தி உட்கார்ந்தால் பின் சக்கரத்தின் பாரம் கூடுவதால் பின் பிரேக் முன்பைவிட நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் அதற்கேற்பக் கூடுகிறது. தேய்ந்த கட்டைக்கும் சிறிய கைக்கும் அது தாங்காத சுமை. சகோதரியர் டபுள்ஸ் வேண்டாம் என்று கண்டிப்பதில் இயற்பியலும் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது வேறொரு வருத்தம். ஒரு பையன் சைக்கிளிலிருந்து விழுந்தால் வீட்டில் என்ன நடக்கிறது? காயத்திற்கு மருந்து போட்டு, வண்டியைக் கடைக்கு அனுப்பிப் பழுது பார்க்கிறார்கள். ஒரு பெண் விழுந்தால்? வண்டி திண்ணையில் சாத்தப்படுகிறது. அவளுக்கு ஆட்டோ பேசப்படுகிறது. அல்லது, "இனிமேல் அப்பா கொண்டுபோய் விடுவார்" என்று முடிவாகிறது. அப்பாவுக்கு ஓய்வில்லாத நாளில் சிறப்பு வகுப்பு தவறுகிறது. கூடைப்பந்துப் பயிற்சி தவறுகிறது. நூலகத்திற்குப் போவது நின்றே போகிறது. தேய்ந்த கட்டை செய்த குற்றத்திற்குப் பெண்ணுக்குத் தண்டனை! அந்த ஒரு ஜோடிக் கட்டையின் விலை, ஒரு வாரத்து ஆட்டோக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சைக்கிள் நம் மாநிலப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுத் தந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலை செய்யும் பெண்களும், கல்குவாரிப் பெண்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்கள் பொருட்படுத்தவில்லை. பேருந்துக்குக் காத்திராமல், எவரையும் கெஞ்சாமல், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் தாமே போய்வர முடிந்தது. பின்னர் 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இவ்வளவு முயன்று கைக்கு வந்த சைக்கிளை, ஒரு பிரேக்கைப் பிடிக்கத் தெரியாத காரணத்தால் திண்ணையில் சாத்தலாமா?

பிடிக்கும் முறை கடினமானதன்று. இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். முதலில் மெல்லத் தொட்டு, பிறகு படிப்படியாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அப்போது முழங்கையைச் சற்று விறைப்பாக வைத்து, உடலைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி அமர வேண்டும். பின் சக்கரம் வழுக்கத் தொடங்கினால், பாரம் முன்னே போய்விட்டது என்று வண்டியே சொல்கிறது. இரண்டு பிடியையும் சற்றுத் தளர்த்துங்கள். நம் நாட்டு ராடு பிரேக் வண்டிகளில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன் சக்கரத்திற்கு உரியது. ஆனால் எல்லா வண்டியும் அப்படி அல்ல. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, எந்தப் பிடி அதை நிறுத்துகிறது என்று உங்கள் வண்டியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தோழியின் வண்டியை இரவல் வாங்கும்போதும் இதை மறவாதீர்கள்.

பிரேக்கைச் சோதிக்க நிபுணர் வேண்டாம். பிடியை முழுவதும் அழுத்தினால் அது ஹாண்டில் பாரைத் தொடுகிறதா? தொட்டால் அந்தப் பிரேக் இல்லாததற்குச் சமம். பாதி தூரத்திலேயே பிடிக்க வேண்டும். கட்டையின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்கள் தேய்ந்து மறைந்துவிட்டனவா? மாற்றுங்கள். வெயிலில் காய்ந்து கல்லாகி, மேற்பரப்பு மினுமினுக்கிறதா? உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மாற்றுங்கள். ஒயரின் நுனி பிரிந்து நார்நாராக நிற்கிறதா? அறுவதற்கு முன் மாற்றுங்கள். ஒரு பக்கம் திறந்திருக்கும் தகரக் கூட்டில் கட்டை செருகப்பட்டிருந்தால், மூடிய பக்கம் சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பி மாட்டினால், அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது கட்டை நழுவி வெளியே பறந்துவிடும். அவசரத்தில் மாட்டிய கட்டைகளில் இந்தப் பிழை நேர்வது உண்டு.

இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டு விதிகளின்படி சாதாரண சைக்கிளுக்கு முன்னும் பின்னும் தனித்தனியே இரண்டு பிரேக்குகள் இருந்தாக வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும் என்பதே அதன் கருத்து. நம் பள்ளியும் இப்படி ஒரு விதி வகுத்துக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். இரண்டு பிரேக்கும் வேலை செய்யாத சைக்கிளை உள்ளே விடுவதில்லை என்று வாசலில் நின்று மாணவியரைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அது மறுபடியும் பெண்ணைத் தண்டிப்பதாகும். மழைக்காலம் தொடங்குமுன், ஆண்டிற்கு ஒரு சனிக்கிழமை, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் செலவில் சைக்கிள் கடைக்காரர் ஒருவரைப் பள்ளிக்கு வரவழைக்கலாம். கட்டை மாற்ற வேண்டியவர்களுக்கு மாற்றி, கோட்டம் எடுக்க வேண்டியவர்களுக்கு எடுத்துக் கொடுக்கட்டும். அதே நாளில் திடலில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, பதினோராம் வகுப்பு இயற்பியல் மாணவியரிடம் அளவு நாடாவைக் கொடுத்துவிடலாம். பின் பிரேக் மட்டும் பிடித்தால் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், இரண்டும் பிடித்தால் எவ்வளவு, ரிம்மில் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு என்று அவர்களே அளந்து எழுதட்டும். அப்பாமார் யாரேனும் வந்து பார்த்தால் இன்னும் நல்லது.

கல்வியாண்டின் தொடக்கத்தில் மகளுக்குப் புதுச் சைக்கிள் வாங்கப்போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் அப்பா தனியே போய் வாங்கி வந்து, மாலையில் மகளுக்கு வியப்பளிக்கிறார். அன்பான செயல்தான். ஆனாலும் அவளை உடன் அழைத்துச் செல்லுங்கள். நிறத்தையும் கூடையையும் பார்ப்பதற்கு முன் அவளைச் சீட்டில் உட்காரவைத்து, கையை ஹாண்டில் பாரில் வைத்தபடியே இரண்டு பிடிகளையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவளுடைய விரல் பிடியை எட்டவில்லையென்றால், அதைக் கைக்கு அருகே வரும்படி சரிசெய்து தர முடியுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். முடியாது என்றால் வேறு வண்டி காட்டச் சொல்லுங்கள்.